ஷன்ட் வைத்த பிறகும் ஏன் கண்காணிப்பு? ஹைட்ரோசெஃபாலஸ் குழந்தைகளும் குழாய் அடைப்பும்

தலையில் நீர் சேரும் ஹைட்ரோசெஃபாலஸ் நோயுள்ள குழந்தைக்கு, அந்த நீரை வடிக்கும் ஷன்ட் என்ற குழாயை வைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெற்றோர் பலர், “ட்யூப் வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை” என்ற நிம்மதியோடுதான் திரும்புகிறார்கள். நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்த தலையின் வளர்ச்சி மட்டுப்படுவதையும், மேடிட்டிருந்த உச்சிக்குழி தணிவதையும், துவண்டு கிடந்த குழந்தை மீண்டும் பால் குடிப்பதையும் கண்ணெதிரே கண்டவர்களுக்கு நோய் முடிந்துபோனதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் ஷன்ட் ஹைட்ரோசெஃபாலஸைக் குணப்படுத்துவதில்லை. இயற்கை வழியில் வடிய முடியாத நீருக்கு அது ஒரு செயற்கை வழியைத் திறந்துவிடுகிறது. அந்தச் செயற்கை வழியும் அடைபடக்கூடியது. அந்த அடைப்பை எங்கோ யாருக்கோ நேரும் அரிய விபத்தாக எண்ணாமல், தம் குழந்தைக்கும் என்றேனும் நேரக்கூடியதாக எதிர்பார்த்திருக்கும் பெற்றோரே காலத்தோடு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள்.

இந்த எதிர்பார்ப்பு மிகையான அச்சமன்று என்பதற்கு எண்களே சான்று. முதல்முறையாக ஷன்ட் வைக்கப்பட்ட 344 குழந்தைகளை, நீரோட்டத்தை முறைப்படுத்தும் மூன்று வகை வால்வுகளுக்கிடையே பிரித்து ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1998இல் வெளியாயின. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் டிரேக் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்த ஷன்ட்கள் 61 விழுக்காடு. ஈராண்டு முடிவில் 47 விழுக்காடு. புதிய வடிவமைப்பு கொண்ட வால்வுகளுக்கும் பழைய வகை வால்வுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. சிறந்த மருத்துவமனைகளில், தேர்ந்த கைகளால் பொருத்தப்பட்டும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்பதே இதன் பொருள். ஆகவே ஷன்ட் பழுதாகும்போது, “நாங்கள் எதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை?” என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பெரும்பாலான அடைப்புகள் யாருடைய கவனக்குறைவாலும் வருவன அல்ல என்பதுதான்.

அடைப்பு ஏன் இவ்வளவு எளிதில் நேர்கிறது என்பதை அறிய, அந்தக் குழாய் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீர் மூளையின் உள்ளறைகளில் உள்ள நாளப் பின்னல்களில் இடையறாது சுரக்கிறது. வளர்ந்தவர் ஒருவரிடம் எந்த நேரத்திலும் இருக்கும் அளவு ஏறத்தாழ 150 மில்லி லிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ 500 மில்லி லிட்டர். அதாவது நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் முழு நீரும் புதிதாகிறது. அறைகளிலிருந்து குறுகிய வழிகள் ஊடாக இறங்கி, மூளையின் புறப்பரப்பை அடைந்து, இரத்தத்தில் உறிஞ்சப்படுவது அதன் இயல்பு. பிறவியிலேயே அந்த வழி குறுகிப்போனாலும், குறைமாதக் குழந்தையின் மூளை அறைகளில் இரத்தம் கசிந்தாலும், முதுகுத்தண்டுப் பிளவோடு குழந்தை பிறந்தாலும், மூளைக்காய்ச்சல் வந்து தழும்பு விட்டுச் சென்றாலும், கட்டி வழியை மறித்தாலும் நீர் தேங்கும். நம் நாட்டில் காசநோய்க் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் இந்தப் பட்டியலில் முக்கிய இடம் பெறுகிறது. வழி மூடிவிட்டதென்பதற்காகச் சுரப்பு நிற்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறினாலும் நாளப் பின்னல் தன் வேலையை ஏறக்குறைய அதே வேகத்தில் செய்துகொண்டே இருக்கும். ஷன்ட் அடைபட்ட குழந்தையின் நிலை மணிக்கணக்கில் மோசமாகக்கூடியது இதனால்தான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வைக்கப்படுவது மூளை அறையிலிருந்து வயிற்றறைக்குச் செல்லும் ஷன்ட். ஓரத்தில் நுண்துளைகள் கொண்ட மேல்குழாய் மூளை அறைக்குள் இருக்கும். காதுக்குப் பின்புறமோ அதற்குச் சற்று மேலோ தோலுக்கடியில் வால்வு இருக்கும். அதிலிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே இறங்கும் கீழ்க்குழாய் வயிற்றறைக்குள் முடியும். சிலிக்கோன் குழாயின் உள் விட்டம் 1 முதல் 1.5 மில்லி மீட்டர் வரைதான். இவ்வளவு மெல்லிய வழியில், உயிருள்ள திசுக்களுக்கு நடுவே, வளர்ந்துகொண்டே போகும் ஓர் உடலுக்குள், ஆண்டுக்கணக்கில் நீர் தடையின்றி ஓட வேண்டும்.

அடைப்பு மிகுதியாக ஏற்படும் இடம் மூளை அறைக்குள் இருக்கும் மேல்குழாய். நீரைச் சுரக்கும் அதே நாளப் பின்னல் குழாயின் நுண்துளைகளுக்குள் புகுந்து வளர்ந்து அவற்றை மூடிவிடுகிறது. உதிர்ந்த செல்களும், இரத்தக் கசிவின் எச்சங்களும், புரதப் படிவுகளும் அதனுடன் சேர்கின்றன. ஷன்டின் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வு இதே சிக்கலிலிருந்து பிறந்தது. 1960 டிசம்பரில் நியூயார்க் நகரில், எழுத்தாளர் ரோல்ட் டாலின் நான்கு மாத மகன் தியோ இருந்த தள்ளுவண்டி மீது டாக்சி மோதியது. தலைக்காயத்தைத் தொடர்ந்து ஹைட்ரோசெஃபாலஸ் வந்தது, ஷன்ட் வைக்கப்பட்டது, அது திரும்பத் திரும்ப அடைபட்டது. அடைபடும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் பார்வைக்கும் உயிருக்கும் ஆபத்து வந்தது. சிறிய விமான மாதிரிகளின் எஞ்சின்களுக்கு நுண்ணிய பம்புகள் செய்துவந்த பொறியாளர் ஸ்டான்லி வேடையும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்டிரீட் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் டால் ஒன்றுசேர்த்தார். எளிதில் அடைபடாத ஒரு வால்வை மூவரும் உருவாக்கினார்கள். அது பயன்பாட்டுக்கு வந்தபோது தியோவுக்கு அது தேவைப்படாத அளவுக்கு உடல்நிலை தேறியிருந்தது. மற்றக் குழந்தைகள் பலருக்கு அது பொருத்தப்பட்டது.

அந்த வால்வுக்கு முந்தியதற்கும் ஒரு தந்தையே காரணம். 1955இல் முதுகுத்தண்டுப் பிளவோடும் ஹைட்ரோசெஃபாலஸோடும் பிறந்த மகனுக்காக அமெரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர் ஜான் ஹோல்டர், அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸோடு சேர்ந்து 1956இல் சிலிக்கோன் வால்வை உருவாக்கினார். இன்றைய ஷன்ட்கள் அதன் வழிவந்தவையே. இரண்டு தந்தையரின் முயற்சியையும் இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. வால்வு மேம்பட்டது, கீழ்நோக்கிய ஓட்டம் சீரானது, ஆனால் மூளை அறைக்குள் திசு வளர்ந்து துளைகளை மூடும் சிக்கல் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது.

விலை மிகுந்த வால்வு வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்று நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் சாப்ரா ஷன்டையும், அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள அமெரிக்க நிறுவன ஷன்டையும் உகாண்டாவின் இம்பாலே நகரில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டார் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒன்றின் விலை ஏறத்தாழ 35 டாலர், மற்றதன் விலை 650 டாலர். ஓராண்டில் கிடைத்த பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சில குழந்தைகளுக்கு, குறிப்பாக நீர் அளவுக்கு மீறி வடியும் தொல்லை உள்ளவர்களுக்கு, அழுத்தத்தை வெளியிலிருந்தே மாற்றக்கூடிய வால்வு உண்மையிலேயே உதவும். அது மருத்துவர் காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டியது. விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதன்று.

அடைப்பு மட்டுமே பழுது என்று கொள்ள முடியாது. குழந்தை வளர வளர கீழ்க்குழாய் மேலே இழுபடுகிறது. இதற்காகவே வயிற்றறைக்குள் கூடுதல் நீளம் விட்டுவைக்கிறார்கள், ஆயினும் விரைந்து உயரமாகும் வயதில் குழாயின் முனை வயிற்றறையை விட்டு வெளியே வந்துவிடலாம். ஆண்டுகள் கடந்த குழாயின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறி, அது நெகிழ்ச்சி இழந்து, கழுத்தசைவில் முறியலாம். வயிற்றறையில் நீர் உறிஞ்சப்படாமல் பை போலத் தேங்கலாம். கடும் மலச்சிக்கலால் வயிற்றின் உள்ளழுத்தம் ஏறி நீரோட்டம் தடைப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் மருத்துவப் பதிவுகள் உண்டு. ஷன்ட் வைத்த குழந்தைக்கு மலச்சிக்கல் நீடிக்க விடலாகாது என்பதை மருத்துவமனைகள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

தொற்று தனியாகப் பேச வேண்டிய ஆபத்து. அறுவை சிகிச்சையின்போது தோலிலிருந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதால், தொற்று பொதுவாக முதல் சில மாதங்களுக்குள் வெளிப்படுகிறது. காய்ச்சல், குழாய் செல்லும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம், வயிற்று வலி, எரிச்சல் மிகுந்த அழுகை ஆகியவை அதன் அடையாளங்கள். மருந்தால் மட்டும் சரிசெய்வது அரிது. பெரும்பாலும் ஷன்டை எடுத்துவிட்டு, நீரைத் தற்காலிகமாக வெளியே வடியவிட்டு, இரத்த நாளம் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, நீர் கிருமியற்றதான பின் புதிய ஷன்ட் வைக்க வேண்டியிருக்கும். குடும்பம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே இருக்க நேரும். ஒவ்வொரு மறு அறுவையும் அடுத்த தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. நம்பிக்கை தரும் முன்னேற்றமும் இங்கேதான் நடந்திருக்கிறது. அறுவைக்கூடத்தில் ஒவ்வொரு படியையும் ஒரே முறையில் பின்பற்றும் நெறிமுறையை வட அமெரிக்க மருத்துவமனைகள் சில கூட்டாக நடைமுறைப்படுத்தியபோது தொற்று 8.8 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காடாகக் குறைந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1605 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குழாய்களிலும் வெள்ளி சேர்த்த குழாய்களிலும் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த தொற்று, ஆன்டிபயாடிக் ஊறிய குழாய்களில் ஏறத்தாழ 2 விழுக்காடாக இருந்தது. கூடுதல் செலவு செய்ய இயலும் குடும்பத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும், பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், என் மதிப்பீட்டில் இதுவே முதலில் கருத வேண்டியது.

ஷன்ட் பழுதாவதை விட, பழுதானதை அறியாமல் கடக்கும் நேரமே குழந்தையை அதிகம் பாதிக்கிறது. பச்சிளம் குழந்தையிடம் அடையாளங்கள் ஓரளவு வெளிப்படையாகவே தெரியும்: உச்சிக்குழி மேடிட்டு இறுகும், தலையின் சுற்றளவு வேகமாகக் கூடும், தலைத்தோலில் இரத்த நாளங்கள் புடைக்கும், விழிகள் அஸ்தமனச் சூரியனைப் போலக் கீழே இறங்கிக் கருவிழிக்கு மேல் வெள்ளை தெரியும், பால் குடிக்க மறுக்கும். தலையோட்டு எலும்புகள் இன்னும் இணையாத அந்த வயதில் தலை விரிந்து கொடுப்பதால் அழுத்தம் சற்று மெதுவாக ஏறுகிறது. வளர்ந்த குழந்தையின் மண்டையோடு விரியாது. தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகிய மூன்றும் அங்கே முன்னே வருகின்றன. குறிப்பாகக் காலையில் எழுந்தவுடன் வரும் தலைவலியும் வாந்தியும். திடீரென்று தோன்றும் மாறுகண், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், புதிதாக வரும் வலிப்பு ஆகியவையும் உண்டு.

இந்த அடையாளங்களில் பல வீட்டில் அடிக்கடி பார்ப்பவைதாம். வாந்தி என்றால் சாப்பிட்டது சேரவில்லை என்போம். தலைவலி என்றால் வெயில் என்போம். சோர்ந்து படுத்தால் வைரஸ் காய்ச்சல் என்போம். பக்கத்துத் தெரு மருத்துவமனையில் வாந்திக்கு ஒரு மருந்தும் பாராசிட்டமாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது மற்றக் குழந்தைகளுக்குப் பொருந்தலாம். ஷன்ட் உள்ள குழந்தைக்குப் பொருந்தாது. வயிற்றுப்போக்கு இல்லாத வாந்தி, தலைவலியோடு வரும் வாந்தி, எழுப்பினாலும் எழ மறுக்கும் தூக்கம் ஆகிய ஒவ்வொன்றும், வேறு காரணம் உறுதியாகும் வரை, ஷன்ட் பழுது என்றே கருதப்பட வேண்டும். தூக்கம் ஆழ்ந்த மயக்கமாவதும், நாடித்துடிப்பு குறைவதும், மூச்சு சீரற்றுப்போவதும் கடைசிக் கட்டம். அதற்கு முந்திய சில மணி நேரத்தில்தான் பார்வையும் மூளையும் உயிரும் காப்பாற்றப்படுகின்றன.

மெதுவாக நடக்கும் பழுது இன்னும் ஏமாற்றக்கூடியது. குழாய் முழுதும் மூடாமல் பாதி அடைபட்ட குழந்தைக்கு வாரக்கணக்கில் வாந்தியே வராமல் இருக்கலாம். ஆசிரியர் சொல்வதைப் பிடித்துக்கொள்ள முடியாமை, கையெழுத்து மாறுதல், காரணமின்றிக் கோபம், மதிப்பெண் குறைதல் என்றே அது வெளிப்படும். படிப்பில் அக்கறை இல்லை என்று அந்தப் பிள்ளையைக் கண்டிப்பது எவ்வளவு எளிது என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைகளிடம் கைகளில் பலவீனம், விழுங்குவதில் சிரமம், மூச்சிழுக்கும்போது கீச்சொலி ஆகியவையும் ஷன்ட் பழுதின் அடையாளமாகலாம். பள்ளியில் வகுப்பாசிரியருக்கு ஷன்ட் இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் கண்டுபிடிப்பு எப்போதும் எளிதாக இருப்பதில்லை. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை அறைகள் விரிந்திருந்தால் ஐயமில்லை. ஆனால் நீண்ட காலம் ஷன்ட் இயங்கிய மூளையின் அறைகள் சுருங்கிக் கீற்றுப் போலாகி, சுவர்கள் நெகிழ்வு இழந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட குழந்தையிடம் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும்போதும் அறைகள் விரியாமலே இருக்கலாம். எதிர்மாறாக, சில குழந்தைகளின் அறைகள் ஷன்ட் நன்றாக வேலை செய்யும்போதும் பெரிதாகவே இருக்கும். ஆகவே ஒற்றை ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல இயலாது. குழந்தை நலமாக இருந்த நாளில் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். அந்தப் பழைய ஸ்கேன் வீட்டுப் பீரோவில் இருக்க, குழந்தை இரவு நேரத்தில் வேறொரு ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பது நம் ஊர்களில் நடக்கிறது. ஸ்கேன் படங்களையும், வால்வின் பெயரையும் அழுத்த அளவையும், அறுவை நடந்த தேதியையும், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்ணையும் கைபேசியில் படமாக வைத்திருப்பது எந்தச் செலவும் இல்லாத ஏற்பாடு. நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருப்பதால், எந்த மருத்துவமனைக்கு, எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

வால்வை விரலால் அழுத்திப் பார்த்து ஷன்ட் வேலை செய்கிறதா என்று அறியலாம் எனச் சிலர் நம்புகிறார்கள். அந்தச் சோதனை நம்பத்தக்கதன்று. அடிக்கடி அழுத்துவதும் நல்லதன்று. வெளியிலிருந்து மாற்றக்கூடிய வால்வு உள்ள குழந்தையாக இருந்தால், காந்தமுள்ள பொம்மைகள், ஹெட்போன்கள், டேப்லெட் உறைகள் ஆகியவற்றை வால்வுக்கு நெருக்கமாக வைக்கலாகாது. எம்.ஆர்.ஐ. எடுத்த பின் வால்வின் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் தேவை.

குழாயே வேண்டாம் என்ற நோக்கில் வளர்ந்த சிகிச்சையும் இருக்கிறது. எண்டோஸ்கோப் கொண்டு மூன்றாவது மூளை அறையின் அடித்தளத்தில் துளையிட்டு நீரை இயற்கைப் பாதைக்கே திருப்பிவிடும் அந்த முறையை மருத்துவர்கள் ஈ.டி.வி. என்பார்கள். நீரோட்ட வழியில் மட்டும் அடைப்பு உள்ள, சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு அது நன்றாகப் பலிக்கிறது. கைக்குழந்தைகளிடமும் தொற்றுக்குப் பின் வந்த ஹைட்ரோசெஃபாலஸிலும் வெற்றி குறைவு. அந்தத் துளையோடு நாளப் பின்னலைச் சுட்டுச் சுரப்பைக் குறைக்கும் முறையை வார்ஃப் உகாண்டாவில் வளர்த்தெடுத்தார். அதையும் ஷன்டையும் அங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட 100 குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறிவு வளர்ச்சியில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈ.டி.வி. செய்த குழந்தையின் பெற்றோரும் முழுதும் அயர்ந்துவிட முடியாது: துளை மூடினால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் மூடும், அரிதாகப் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று மூடும்.

இந்த நீண்ட காலத் தொலைவில்தான் பதின்பருவப் பிள்ளைகளின் ஆபத்து இருக்கிறது. பத்து ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் கழிந்தால், “வளர்ந்துவிட்டான், ட்யூப் இனித் தேவைப்படாது” என்று குடும்பமே மறந்துவிடுகிறது. மறுபரிசோதனைக்குப் போவது நின்றுவிடுகிறது. தொல்லையின்றி இருப்பது ஷன்ட் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகலாமே தவிர, அது தேவையற்றுப்போனதற்குச் சான்றாகாது. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களிடமும் மற்றப் பலரிடமும் அந்தத் தேவை வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது. பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது கோப்புகள் பின்தங்கிவிடுகின்றன. கல்லூரி விடுதியில் தங்கும் இளைஞர் தலைவலியோடு அறையில் படுத்திருந்தால் தட்டி எழுப்பித் தூக்கத்தின் தன்மையைக் கவனிக்க அங்கே தாய் இல்லை. தன் தலையில் என்ன இருக்கிறது, எந்த வால்வு, எந்த அளவு, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அறை நண்பர் ஒருவருக்காவது, தலைவலியோடு வாந்தி எடுத்து எழாமல் கிடந்தால் விடியும் வரை காத்திருக்காமல் நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.